லேத் இறக்கும்போது விரல் பத்திரம்

கஞ்சிக்கோடு ஷெட் ஆட்களுக்கு: நாளை கோவையிலிருந்து வாளையார் வழியாகப் புது லேத் (கடைசல் இயந்திரம்) வருகிறது. தூக்குவதைவிட, இறக்கும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் விரல் மாட்டும். லேத்துக்கு அடியில் வைக்கும் கட்டையைப் பக்கவாட்டில் பிடித்து வையுங்கள், கட்டைக்கு மேலே விரல் போகக் கூடாது. அப்புறம் நகர்த்தக் கடப்பாரைதான், கை வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கையுறை கீறலுக்குத்தான், நசுங்கலைத் தடுக்காது. சிக்னல் ஒருவர் மட்டுமே. தமிழில் ஒருவரும் மலையாளத்தில் ஒருவருமாகக் கத்தினால் கிரேன்காரர் பாவம், யாரைக் கேட்பார்?

விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். நேராக ஐஸில் போடாதீர்கள். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் 108தான். இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்து வாருங்கள். கிரேன் காலை எட்டு மணிக்கு.