விண்ணப்பிக்கும் வேலையைப் பள்ளிக்கூடமே ஏற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்தி வருகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயத்தில் தங்கள் நாளிதழில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று முழுப்பக்க வழிகாட்டி வந்திருந்தது. அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அதேபோல ஒரு பக்கத்தை, அகில இந்திய நுழைவுத் தேர்வுகளுக்காக, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரிலும் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நம் மாநிலக் கலந்தாய்வு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோதானது. 2006-இல் வந்த சட்டத்தால் நுழைவுத் தேர்வு போனது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆஃப். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கட்டணமும் அரசே கட்டுகிறது. எல்லாமே ரிசல்ட்டை ஒட்டித்தான் தொடங்கும். அதனால் எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்கு ஒரு பழக்கம் பதிந்துவிட்டது: முதலில் மார்க் வரட்டும், அப்புறம் எங்கே போடலாம் என்று பார்ப்போம். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேரவோ கோவை அரசுப் பொறியியல் கல்லூரியான ஜி.சி.டி.யில் சேரவோ இந்தப் பழக்கம் போதும். மற்ற கதவுகளுக்கு இது உதவாது.

ஐஐடி, என்.ஐ.டி. போன்ற மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் இரண்டாம் கட்டம் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வருபவர்கள்தான் ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வை எழுத முடியும். திருச்சி என்.ஐ.டி.க்கு அட்வான்ஸ்டு கூட வேண்டாம், மெயின் போதும். அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் துவாக்குடியில் அதன் வாசலிலேயே இறங்கலாம். நவம்பரில் அந்தப் படிவத்தை நிரப்பாத பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றிக் கேள்விப்படாமலேயே பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள்.

அறிவியல் படிப்புகளின் நிலைமை இன்னும் மோசம். திருவனந்தபுரம், திருப்பதி, புனே என்று ஏழு ஊர்களில் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்தாண்டு படிப்பு, முடிக்கும்போது பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் கையில். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியின் நான்காண்டு படிப்புக்கும் ஐசர் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். சென்னை சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ. (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) கணிதத்துக்கு உலகம் அறிந்த இடம். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ. இருக்கிறது, புவனேஸ்வரத்தில் ஐசர் போன்ற இன்னோர் அறிவியல் நிறுவனமான நைசர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேர்வு மே, ஜூனில். ஆனால் விண்ணப்பிக்க வேண்டிய காலம் பொதுத்தேர்வும் அதை ஒட்டிய வாரங்களும்தான், யாருக்கும் தலை நிமிர நேரமில்லாத சமயம்.

2025-இல் பிளஸ் டூ ரிசல்ட் மே 8-ஆம் தேதி வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு மாணவி அம்மாவோடு கடைக்கு வந்தாள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவர், விரல் நுனியெல்லாம் அந்தப் பால் பட்டுக் கறுத்திருந்தது. பெண்ணுக்கு கட்-ஆஃப் 190-க்கு மேல். இன்ஜினியரிங் விண்ணப்பத்தை முடித்துப் பணமும் கட்டியாயிற்று. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவள், "அண்ணே, பிசிக்ஸ் படிச்சு அப்படியே ஆராய்ச்சிக்குப் போற மாதிரி காலேஜ் இருக்காம்ல, அதுக்கும் ஒண்ணு போட்டுடுங்க" என்றாள். ஐசர் பக்கத்தைத் திறந்தேன். விண்ணப்பம் ஏப்ரலோடு முடிந்திருந்தது. தேர்வு மே 25-ஆம் தேதி, இன்னும் நடக்கவே இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பினேன், அவளே படித்துப் பார்த்தாள். "அடுத்த வருசம் எழுதலாமாண்ணே?" என்று கேட்டாள். எழுதலாம், முந்தைய ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களையும் அனுமதிக்கிறார்கள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "பொம்பளப் புள்ளைய ஒரு வருசம் சும்மா வீட்டுல வச்சிருக்க முடியாதுப்பா" என்றார். அந்தப் பெண் இன்று ஒரு நல்ல பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. அந்தத் தேர்வில் அவள் ஜெயித்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. எழுதிப் பார்க்கும் உரிமை அவளுக்கு இருந்தது. தேதி தெரியாத ஒரே காரணத்தால் அது போயிற்று.

தேதி தெரிந்து வருகிறவர்களுக்கும் படிவம் சுலபமாக இல்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரோடு ஓர் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். ஜே.இ.இ. படிவம் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறது. ஆதாரைத் திருத்தி வாங்கவே வாரக்கணக்கில் ஆகலாம், கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்தால் என்ன செய்வது? தேர்வு மொழி என்று ஒரு கட்டம் உண்டு. மெயின் தேர்வை 2021-இலிருந்து தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும், நஷ்டம் ஒன்றும் இல்லை. அவசரத்தில் படிவம் நிரப்பும் இடங்களில் தமிழ்வழிப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆங்கிலம் என்று தட்டிவிடுகிறார்கள். வேறு யாருடைய மின்னஞ்சலையோ கொடுத்துப் பதிந்துவிட்டு, ஹால் டிக்கெட் எடுக்கும்போது பாஸ்வேர்டு தெரியாமல் நிற்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. வரும், அப்பாவோ திருப்பூரில் வேலையில் இருப்பார். என் கடையில் முதல் வேலையே பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் திறந்து, பாஸ்வேர்டை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வதுதான்.

இதற்கெல்லாம் மேலே சாதிச் சான்றிதழ். இதைப் பற்றித் தங்கள் நாளிதழ் தனியாகவே எழுதலாம். நம் மாநிலம் தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் போதும். ஐஐடி, என்.ஐ.டி., ஐசர் போன்ற மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி.க்கு (இதர பிற்படுத்தப்பட்டோருக்கு) 27 சதவீத இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற சான்றிதழ் வேண்டும். ஐஐடி, என்.ஐ.டி. சேர்க்கைக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடம் வாங்கியதை நீட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எட்டு லட்சம் வருமான வரம்பு என்று கேள்விப்பட்டதுமே சில பெற்றோர் பின்வாங்கிவிடுகிறார்கள். சம்பளமும் விவசாய வருமானமும் அந்த எட்டு லட்சக் கணக்கில் சேராது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தன் வேலையை நன்றாகத் தெரிந்த அதிகாரி இருந்தால் சான்றிதழ் சில நாளில் கைக்கு வருகிறது. "உங்களிடம்தான் ஏற்கெனவே எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறதே, இது எதற்கு?" என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய அனுபவமும் என் கடைக்கு வந்த குடும்பத்துக்கு உண்டு. அந்த வீட்டுப் பையன் பொதுப் பிரிவிலேயே போட்டியிட்டான்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. ஜே.இ.இ. மெயினுக்கு 2025-இல் ஓ.பி.சி. பையன்களுக்கு 900, அதுவும் ஒரு கட்டத்துக்கு மட்டும். ஐசர் தேர்வுக்கு 2,000, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 1,000. நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் இந்தப் பணத்தை ஒரு தேர்வுக்கு, அதுவும் கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்கு, எடுத்துக் கொடுப்பது பெரிய முடிவு. கணக்குப் பார்த்துவிட்டு, "ஒண்ணு மட்டும் போடுங்கண்ணே" என்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேர்பவர்களின் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். உள்ளே போனபின் லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இந்த இரண்டாயிரத்தையும் கட்டிவிட்டால் என்ன?

அரசுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகள் படிக்கும் மாவட்ட மாதிரிப் பள்ளிகளில் இந்த வேலைகளையெல்லாம் ஆசிரியர்களே முன்னின்று செய்கிறார்கள். அங்கிருந்து ஐஐடிக்குப் போன பிள்ளைகளின் படங்களைத் தாங்களும் வெளியிட்டிருக்கிறீர்கள். பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் மாதிரிப் பள்ளிக்குப் போவது கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் படிப்பது என் கடைக்கு எதிரே இருப்பது போன்ற பள்ளிகளில். உயர்கல்விக்கு வழிகாட்ட அரசு நடத்தும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நல்ல முயற்சிதான், ஆனால் அது பொதுத்தேர்வு முடிந்த பிறகு நடக்கிறது. அதற்குள் நான் மேலே சொன்ன கதவுகளில் பல சாத்தப்பட்டுவிடுகின்றன.

அரசிடம் என் கோரிக்கை ஒன்றுதான். விண்ணப்பம் போடுவதைக் குடும்பத்தின் பொறுப்பாக விடாமல் பள்ளிக்கூடத்தின் வேலையாக ஆக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, கம்ப்யூட்டரும் இணையமும் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. பிளஸ் ஒன் முடியும்போதே ஆதார்ப் பெயரைச் சரிபார்த்துவிடலாம். பிளஸ் டூ நவம்பரில், அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள், விருப்பமுள்ள எல்லோரையும் லேபில் உட்காரவைத்து ஜே.இ.இ. படிவத்தை முடிக்கலாம். பொதுத்தேர்வு கடைசி நாளன்று ஐசர், நைசர், சி.எம்.ஐ. படிவங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கே வந்து ஓ.பி.சி. சான்றிதழுக்கான மனுக்களை வாங்கட்டும். சாதிச் சான்றிதழுக்குப் பள்ளிகளில் முகாம் போட்ட பழக்கம் நம் மாவட்டங்களில் உண்டே. ஏற்கெனவே கணக்கெடுப்பு, எமிஸ் பதிவு என்று ஆசிரியர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது, ஆகையால் இதற்கென்று ஒருவரை மூன்று மாதத்துக்காவது நியமிக்க வேண்டும்.

பயிற்சி இல்லாமல் விண்ணப்பம் மட்டும் போட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியும் வேண்டும்தான். ஆனால் ஐசர் தேர்வு 60 கேள்வி. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியலில் பதினைந்து பதினைந்தாக. பாடப் புத்தகத்தை உருப்போடாமல் புரிந்து படித்த பிள்ளைக்கு அதில் இடம் இருக்கிறது. நம் மாநிலப் பாடப் புத்தகங்கள் இப்போது அதற்கு ஈடுகொடுக்கின்றன என்று எதிரே உள்ள பள்ளியின் இயற்பியல் ஆசிரியரே சொல்கிறார். மொழிதான் தடை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடக்கிறது. மெயினைத் தமிழில் நடத்த முடியும்போது அட்வான்ஸ்டைத் தமிழில் நடத்துவது முடியாத காரியமா? நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்க வேண்டும்.

தாங்கள் செய்யக்கூடியது அக்டோபரில் அந்த ஒரு பக்கம். தேர்வின் பெயர், விண்ணப்பத்தின் முதல் நாள், கடைசி நாள், கட்டணம், எந்தச் சான்றிதழ், எந்த இணையதளம் என்று மட்டும் இருந்தால் போதும். பிறகு பிப்ரவரி கடைசியில் இன்னொரு முறை. எங்கள் ஊர் டீக்கடைகளில் தங்கள் நாளிதழ் தினமும் பத்துப் பேர் கையாவது மாறுகிறது, அந்தப் பக்கம் யார் வீட்டுப் பிள்ளைக்காவது போய்ச் சேரும்.

எதிரே உள்ள பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் பேசியிருக்கிறேன். வருகிற நவம்பரில் லேபைத் திறந்துவைத்தால், ஸ்கேனரையும் பிரிண்டரையும் எடுத்துக்கொண்டு நானே வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகர்,
அரியலூர் மாவட்டம்.