தாத்தாவின் இடது கை எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1942-இல் ஜப்பான் குண்டு போடும் என்று பயந்து சென்னை காலியான கதையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் குண்டே விழாத ஊரை விட்டு ஓடினார்கள் பார் என்று அதில் கொஞ்சம் நையாண்டி. அப்படி ஓடியவர்களில் ஒருவர் என் தாத்தா.

இப்போது சிரிப்பது சுலபம். மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போயாச்சு. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது நாமதான் என்று யாருக்குத்தான் தோன்றாது? அரசாங்கமே ஊரை விட்டுப் போகச் சொல்லி, குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலியை எல்லாம் சுட்டுக் கொன்றிருக்கிறது. சௌகார்பேட்டை ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த 22 வயசுப் பையன் வேறென்ன செய்வான், ரயில் ஏறிவிட்டார். ஏறினார் என்று சொல்வதை விடத் தொங்கினார் என்பதே சரி. நகரி பக்கத்து ஏகாம்பரகுப்பத்தில் இறங்கும்போது கூட்டம் தள்ளி விழுந்ததில் வலது கை முறிந்தது.

எங்கள் வீட்டில் இதை ‘எம்டன் குண்டு போட்டப்ப’ என்றுதான் சொல்வார்கள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்தது 1914-இல், தாத்தா அப்போது பிறக்கவே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் அத்தை கேட்பதாக இல்லை.

எங்கள் பக்கம் கை முறிந்தால் புத்தூர் கட்டுதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்து, கடை முதலாளிக்குப் பழக்கமான நெசவுக்காரர் வீட்டுத் திண்ணையில் தங்கினார். தெலுங்கு பேசுகிற வீடு. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) சுற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். ராட்டையைச் சுற்ற ஒரு கை, நூலைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தாத்தாவுக்கு இருந்தது ஒரு கை. நூலைப் பிடித்தது அந்த வீட்டுப் பெண், என் பாட்டி. நாலாவது வரை படித்தவர், தாத்தாவுக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

கொஞ்ச நாளில் பயம் தெளிந்து ஜனங்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். தாத்தாவுக்கு மட்டும் கை வலி விடவே இல்லையாம். மறுபடி புத்தூர், மறுபடி கட்டு. எலும்பு எப்போதோ கூடிவிட்டது என்பது கட்டுப் போட்டவருக்கும் தெரியும், பாட்டியின் அப்பாவுக்கும் தெரியும் என்பது அத்தை சொல்லும் கதை. பாட்டியைக் கேட்டால் ‘சாலு, ஊருகோ’ (போதும், சும்மா இரு) என்று அடக்கிவிடுவார்.

மறு வருஷம் திருத்தணியில் கல்யாணம். அப்போது திருத்தணியும் எங்கள் சித்தூர் மாவட்டம்தான், எல்லாமே சென்னை மாகாணம். 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் சென்னை மாநிலத்தோடு போக, நாங்கள் இந்தப் பக்கம் ஆந்திராவில் நின்றோம். அதனால் தாத்தா மொழி தாண்டிக் கட்டிக்கொண்டார் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன், மாநிலம் தாண்டினார் என்றால் மாட்டேன். 1943 அக்டோபரில் நிஜமாகவே ஒரு ஜப்பான் விமானம் சென்னைக்கு வந்து குண்டு போட்டபோது அவர் நகரியில் தறிக்குப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, போன இடத்திலேயே தங்கிவிட்டவர்களின் வீடுகளிலும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்து ஊர்களிலும் விசாரிக்கலாம்.

எங்களிடம் காதல் கடிதம் எதுவும் இல்லை. ஒரு தார்க் கணக்கு நோட்டு இருக்கிறது, தெலுங்கில், கோணல் மாணலாக. தெலுங்குப் பள்ளியில் படிக்கிற என் மகன் வாசித்துக் காட்டினான்: தேதி, எத்தனை தார், அவ்வளவுதான். கட்டுப் பிரித்து ஆறு மாசத்துக்குப் பிறகு எழுதிய பக்கங்களும் அதில் இருக்கின்றன. அவையும் இடது கை எழுத்துதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நகரி