ஓணத்துக்குப் பூச்செடி விதைக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட விதைகளைப் பார்சலில் போட்டுவிட்டேன். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போட நீயே செடி வளர்க்கப் போவதாகச் சொன்னதில் அம்மைக்கும் எனக்கும் அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

மக்களே, தோவாளையில் நாம் செய்கிற மாதிரியே கொச்சியில் செய்தால் நாற்று தேறாது. இங்கே ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று மண்ணை உலர்த்திக்கொண்டே இருக்கும், தண்ணீர் விடுவதுதான் நமக்குப் பெரிய வேலை. அங்கே ஜூன் பிறந்தால் மழை. முளைத்து இரண்டு இலை விட்ட பிஞ்சு, மண்ணைத் தொடும் இடத்தில் நூலாகக் கறுத்துச் சுருங்கி, காலையில் பார்த்தால் சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் நிற்பதையும் கொண்டுபோய்விடும். அதனால் விதைத்தட்டை மேற்குப் பார்த்த பால்கனியில் வைக்காதே, சாரல் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கும். அடுக்களைக்கு வெளியே ஒர்க் ஏரியா இருக்கிறதே, கூரை உண்டு, காலை வெயிலும் வரும். அங்கே வை. மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் தெளி.

வெறும் தோட்டத்து மண் வேண்டாம், மழைக்காலத்தில் இறுகிப்போகும். அங்கே கடையில் சகிரிச்சோறு என்று கேட்டால் தருவார்கள், நம் தென்னை நார்த்தூள்தான். அது ஒரு பங்கு, மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணிப்பொடி ஒரு பங்கு. அடியில் ஓட்டை உள்ள எந்தத் தட்டும் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சூடோமோனாஸ் பொடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து, விதையை அரை மணி நேரம் போட்டு எடுத்து விதைத்தால் அழுகல் குறையும்.

இனி விதை. கேந்தி, அதாவது செண்டுமல்லி விதை உனக்குத் தெரியும், ஒரு முனை கறுப்பு, மறு முனையில் வெளிறிய குஞ்சம். படுக்கவைத்து, விதை மறைகிற அளவுக்கு மண் தூவினால் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். வாடாமல்லி விதை பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும், ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போடு. அது மெதுவாகத்தான் வரும், முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். முளைக்கவில்லை என்று கிளறிவிடாதே. வாடாமல்லி பூக்கவும் கூடுதல் நாள் எடுக்கும், ஆகவே அதை வைகாசி பிறந்ததும் விதை. கேந்தியை வைகாசிக் கடைசியில் விதைத்தால் பூக்கோலம் தொடங்குகிற ஆவணி அத்தம் நாளுக்குச் சரியாக இருக்கும்.

சின்னப் பொட்டலத்தில் இருப்பது காசித்தும்பை. அது பேத்திக்கு. காய் முற்றியதும் தொட்டாலே வெடித்துச் சுருண்டு விதையைத் தெறிக்கவிடும். அதை அவள் கையாலேயே தொட்டுப் பார்க்கட்டும்.

கேந்தி நாற்று ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளு. பூ சில நாள் தள்ளிப்போகும், ஆனால் பக்கக் கிளை அடித்து ஒன்றுக்கு நாலாகப் பூக்கும். ஆடி பாதிக்குப் பிறகு மட்டும் கிள்ளாதே, ஓணத்துக்கு மொட்டுதான் மிஞ்சும். தொட்டிக்கு மாற்றிய பிறகு ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். கேந்திப் பூ அடுக்கடுக்காக இருப்பதால் மழைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனத்துத் தொங்கும், உள்ளே பழுப்பேறி அழுகும். மழை விட்டதும் காம்பைப் பிடித்து உதறிவிடு. வாடாமல்லிக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. கொச்சிக்கு அதுதான் தோதான செடி என்பேன்.

நம் வயலில் நடுவது ஹைபிரிட் கேந்தி என்பது உனக்குத் தெரிந்ததுதானே. பூ பெரிது, ஆனால் அதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. அதனால் கிணற்றடியில் நிற்கிற நாட்டுக் கேந்தியில்தான் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பூ சிறியதாகத்தான் இருக்கும். நல்ல செடியில் இரண்டு மூன்று பூவைப் பறிக்காமல் விட்டு, காம்போடு காய்ந்ததும் எடுத்துக் காகிதத்தில் மடித்து வை. அடுத்த வருஷத்துக்கு என்னைக் கேட்க வேண்டாம்.

ஓணத்துக்கு வரச் சொன்னாய். எப்படி மக்களே வருவது? அந்தப் பத்து நாளும் விடியும் முன்னே பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி வண்டியாகப் பூ கேரளத்துக்கு ஏறுகிற நேரத்தில் நான் இங்கே இல்லாமல் முடியாது. உன் வீட்டு முற்றத்தில் என் கைப்பட்ட விதையில் பூத்த பூ கிடந்தால் நான் வந்ததாகவே வைத்துக்கொள். புரட்டாசியில் அம்மையைக் கூட்டிக்கொண்டு கண்டிப்பாக வருகிறேன். அப்போதும் வாடாமல்லி பூத்துக்கொண்டுதான் இருக்கும், பிடுங்கிவிடாதே.

பார்சலில் அடியில் அம்மை வைத்த முறுக்கு இருக்கிறது. விதைப் பொட்டலத்தை முதலில் எடுத்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு மூடிவை. மருமகனையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா