நிற்க முடிகிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசநோய்க்கு மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும், அப்புறம் ஏன் சாகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். என் பெரியப்பாவுக்கு நோயைக் கண்டுபிடித்த அன்று இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கால் வீங்கியிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். தனியார் கிளினிக்கில் மாத்திரையை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் போய்விட்டார்.

2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் கவனிக்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகம் எவ்வளவு, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கிவிட்டதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, இவ்வளவுதான். எந்த ரத்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் சுகாதார ஊழியரே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்க அனுப்பிவிடலாம்.

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1950களில் சென்னையில் நடந்த ஆய்வுதான். யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கண்டுகொள்ளவும் இப்போது நம்மிடம் வழி இருக்கிறது. தனியார் கிளினிக்குகளும் இந்த ஐந்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர், விழுப்புரம்