இறக்கி வைத்த பாத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோரும் அடுப்பைக் காவல் காக்கிறார்கள். இறக்கி வைத்த பாத்திரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை அதிகம் சுடுவது தீயல்ல. கொதிநீர், கஞ்சி, சாம்பார், பால், டீ.

மேடை அடுப்பு வந்த பிறகும் பல வீடுகளில் சோறு வடிப்பது தரையில்தான். பானையைக் கவிழ்த்துச் சாய்த்து, கஞ்சிக்குச் சட்டியை வைத்துவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் அப்பளம் பொரிக்கத் திரும்புகிறோம். புதிதாக நடக்கும் குழந்தை தடுமாறினால் பின்பக்கமாகப் பொத்தென்று உட்காரும், அல்லது கையை முன்னால் ஊன்றும். உட்காரும் இடத்தில் சட்டி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது. தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கும். 60 டிகிரி சூடுள்ள நீர் பெரியவர் தோலை ஆழமாகச் சுட ஏறக்குறைய ஐந்து நொடி ஆகும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு ஒரு நொடி போதும். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டீ அதைவிடச் சூடு.

ஆகவே வடிப்பதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் மாற்றுங்கள். கஞ்சி வேண்டுமென்றால் சட்டியும் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தொட்டி இல்லையென்றால், குழந்தை வளரும் வரை அளவுத் தண்ணீர் வைத்துச் சோறாக்கலாம். கொதிப்பதைப் பின் அடுப்பில் வையுங்கள். தோசைக்கல், குக்கர் கைப்பிடிகள் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத பாத்திரத்தை இடுக்கியால் தூக்குமுன் அது விளிம்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தேய்ந்த இடுக்கி வழுக்கினால் அடியில் நிற்பது பிள்ளைதான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரண்டியால் குக்கர் வெயிட்டைத் தூக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சீறி எழும் ஆவி பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும். பருப்பு, அரிசி என்றால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஏறி ஆவிக் குழாயை அடைத்துவிடும். மூடுமுன் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சமையலறை வாசலுக்கு இரண்டரை அடி உயரத் தடுப்பு வேண்டும். நாற்காலியும் அரிசி மூட்டையும் தடுப்பாகாது, ஏறிவிடுவார்கள். குறுக்குக் கம்பி போட்டாலும் ஏணிதான். குளிக்க வெந்நீர் கலக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். அடுப்பின் திருகு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். கேஸ் கசிந்தால் 1906.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுவிட்டால், முதல் வேலை தண்ணீர். சுட்ட இடத்தில் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து, ஓடும் தண்ணீர் பட வேண்டும். கோடை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். கையில் பட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரைச் சொம்பால் விடாமல் ஊற்றுங்கள். உடனே முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் குளிர்வித்தால் பலன் உண்டு. தண்ணீர் ஊற்றும்போதே சட்டை, டயபர், அரைஞாண், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். டயபர் சூட்டைப் பிடித்து வைக்கும். வீங்கிய பிறகு வளையல் கழலாது. தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். சுடாத உடம்பை உலர்ந்த துணியால் போர்த்துங்கள், பிள்ளை விறைத்துப் போகும்.

ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். பேஸ்ட், மை, இட்லி மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை காயத்தின் ஆழத்தை மறைக்கும்; மருத்துவமனையில் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டாம் முறை வலி. கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழையுங்கள். குழந்தையின் சொந்த உள்ளங்கையைவிடப் பெரிய காயம், அல்லது முகம், கை, பாதம், மூட்டு, தொடை இடுக்கில் பட்ட காயம் என்றால், சிறிதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். தவழும் பிள்ளை எழுந்து நிற்கப்போகும் நேரம் அது. ஊசி போட்ட பிறகு அம்மாவை எப்படியும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். அதில் ஐந்து நிமிடம், சோறு எங்கே வடிக்கிறீர்கள் என்று செவிலியர் கேட்க வேண்டும். உடன் வந்த பாட்டியிடமும் கேட்க வேண்டும். பல வீடுகளில் வடிப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலச் செவிலியர்கள் இருவர்,
மதுரை