டெல்லியில எங்களுக்கு வழி காட்டின எல்லாருக்கும் நன்றி

கிருஷ்ணகிரி பக்கத்து கிராமத்துல இருந்து எழுதறேன். மாசி மாசம் டெல்லி போயிட்டு வந்தோம், நானு, வீட்டுக்காரரு, ரெண்டு பசங்க, கூட எங்கம்மா. ஊரு சுத்திப் பாக்கறதுன்னு பேரு, ஆனா போனதே அம்மாவுக்காகத்தான். அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன், எனக்குத் தாய்மாமா, மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து 1971 சண்டையில போயிட்டாரு. நான் அவரைப் பாத்ததே இல்ல, என் காதுகுத்துக்கு ஒண்ணுவிட்ட மாமா மடியிலதான் உக்கார வச்சாங்க. இந்தியா கேட் பக்கத்துல 2019ல திறந்த தேசிய போர் நினைவிடத்துல சண்டையில செத்தவங்க பேரெல்லாம் கல்லுல வெட்டி வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து அம்மாவுக்கு அதே நெனப்பு.

முதல் நன்றி எங்க தெரு மிலிட்டரி அண்ணனுக்கு. வெறும் பேரை வச்சிக்கிட்டு தேடாதம்மா, ஒரே பேர்ல எத்தனையோ பேரு இருப்பாங்க, சர்வீஸ் நம்பரை எடுத்துட்டுப் போன்னு அவருதான் சொன்னாரு. அம்மாவோட தகரப் பெட்டியில இருந்த பழைய லெட்டரைத் தேடி எடுத்து, நம்பர், ரேங்க், ரெஜிமெண்ட், வருஷம் எல்லாத்தையும் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் ஒரு அட்டையில எழுதி லேமினேட் பண்ணிக் குடுத்தாரு. அண்ணே, அந்த அட்டை இல்லன்னா நாங்க சுவரைப் பாத்துட்டு சும்மா திரும்பியிருப்போம்.

ஆட்டோ, டாக்சி எதுவும் வேணாம், மெட்ரோவுல எறங்கி மிச்சமெல்லாம் நடந்தே பாக்கலாம்னு அம்மாதான் சொன்னாங்க. எழுபது தாண்டியாச்சு, ஆனா மாந்தோப்புல இன்னிக்கும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலையில செங்கோட்டை. திங்கக்கிழமை அது லீவு, போறவங்க ஞாபகம் வச்சிக்கோங்க. ஷாஜஹான் 1639ல ஆரம்பிச்சு 1648ல கட்டி முடிச்ச கோட்டைன்னு என் பொண்ணு போர்டைப் பாத்து படிச்சுக் காட்டினா, வீட்டுக்காரரு கிரானைட் பாலிஷ் வேலை பாக்கறவரு, அவரு பாட்டுக்கு செவப்புக் கல்லு ஜாயிண்ட் எல்லாம் தடவிப் பாத்துக்கிட்டே பின்னாடி வந்தாரு.

அங்கிருந்து நேரா சாந்தினி சௌக். காலையில 9 மணியில இருந்து ராத்திரி 9 வரைக்கும் மோட்டார் வண்டி விடறதில்ல, அதனால நடக்க வசதிதான், ஆனா கூட்டம்னா கூட்டம், நம்ம சந்தை நாள் கூட்டமெல்லாம் அதுக்குப் பக்கத்துல வராது. பாதி தூரத்துல அம்மாவுக்கு முட்டி பிடிச்சிக்கிச்சு. ஒரு துணிக்கடைக்காரரு நாங்க எதுவும் கேக்காமலே உள்ள இருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து நிழல்ல போட்டு, தண்ணி குடுத்து, அவங்க கடைப்பையனை விட்டு ஆயின்மெண்ட் வாங்கிட்டு வரச் சொன்னாரு. காசு குடுக்கப் போனா கையைத் தட்டி விட்டுட்டாரு. நாங்க அந்தக் கடையில ஒரு கர்ச்சீப் கூட வாங்கல. ஐயா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனா நன்றியை எங்கயாவது எழுதி வைக்கணும்னு இருந்துச்சு.

மெட்ரோவுக்குள்ள கூட்டிட்டுப் போயி சரியான பிளாட்பாரத்துல நிக்க வச்சி, ட்ரெயின் வர்ற வரைக்கும் கூடவே நின்ன அந்த காலேஜ் பொண்ணுக்கும் நன்றி. நல்லா இரும்மா.

மதியம் பங்ளா சாஹிப் குருத்வாரா. சீக்கியங்களோட எட்டாவது குரு ஹர் கிருஷன் 1664ல தங்கியிருந்து, அம்மையும் காலராவும் வந்தவங்களைப் பாத்துக்கிட்ட இடம். செருப்பு விடற இடத்துல வயசான ஒரு சர்தார்ஜி, நல்ல வெள்ளை உடுப்பு, பாத்தா பெரிய ஆபீசர் மாதிரி இருக்காரு, அவரு குனிஞ்சு அம்மாவோட ரப்பர் செருப்பை ரெண்டு கையாலயும் எடுத்தாரு. ஐயையோ வேணாம் சாமின்னு அம்மா பதறிட்டாங்க. அவரு சிரிச்சிக்கிட்டே டோக்கனைக் குடுத்து கையெடுத்துக் கும்பிட்டாரு. அது அங்க சேவை, யார் வேணா செய்யலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டோம். தரையில உக்காந்து ரொட்டியை ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, பருப்போட வயிறாரச் சாப்பிட்டோம். நாலு நாளா களி களின்னு இருந்த அம்மா அன்னிக்கு அதைப் பத்தி வாயே திறக்கல.

சாயங்காலம் கர்த்தவ்ய பாதையில நடந்தோம். ஜனாதிபதி மாளிகை தூரத்துல தெரிஞ்சப்ப வீட்டுக்காரரு பசங்களை நிறுத்தி, ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருந்தப்ப, 1948ல இருந்து 1950 வரைக்கும் அந்த மாளிகையிலதான் இருந்தாருன்னு சொன்னாரு. நம்ம மாவட்டத்துக்காரரான்னு பையன் ரெண்டு தடவை கேட்டான்.

போர் நினைவிடத்துக்கு டிக்கெட் கிடையாது. உள்ள வட்ட வட்டமா 16 கிரானைட் சுவர், 25,000க்கு மேல பேரு. பாத்ததுமே எனக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, இதுல எங்கன்னு தேடறது. டூட்டியில இருந்த ஒரு ஜவான்கிட்ட அட்டையைக் காட்டினோம். எந்த ஊருன்னு ஹிந்தியில கேட்டாரு, கிருஷ்ணகிரின்னதும் தெலுங்குக்கு மாறிட்டாரு, அவரு குப்பம் பக்கமாம், நம்ம பார்டர் தாண்டினா அவங்க ஊரு. எங்கம்மாவுக்கு தெலுங்கு நல்லா வரும், அவ்வளவுதான், சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. அவரே ஸ்க்ரீன்ல நம்பரைப் போட்டுப் பாத்து, எந்தச் சுவர்னு கண்டுபிடிச்சு, கூடவே வந்தாரு.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால அந்த ஜவான் மாமா பேரு மேல வெரலை வச்சி அப்படியே நின்னு, நம்பரை ஒவ்வொண்ணா வாசிச்சாரு. அந்த நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும், அவரு வாசிக்க வாசிக்க இவங்க முன்னாடியே அடுத்த நம்பரைச் சொல்றாங்க. கடைசி நம்பரும் சரியா வந்ததும் அண்ணா, நான் வந்திருக்கேன்னு சொல்லி சுவர்ல கையை வச்சாங்க. அழுதாங்க, நல்லா அழட்டும்னு விட்டுட்டோம். வீட்டுக்காரரு எழுத்தைத் தடவிப் பாத்துட்டு, ஆழமா வெட்டியிருக்காங்க அத்தை, வெயில் மழைக்கெல்லாம் அழியாதுன்னாரு. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேற யாரும் சொல்லல.

ஜவான் தம்பி, உங்க பேரைக் கூட கேக்காம வந்துட்டோம். அம்மா தினம் சாமி கும்பிடும்போது குப்பத்துப் புள்ள நல்லா இருக்கணும்னுதான் சொல்றாங்க.

கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் பட்டாளத்துக்குப் போயி திரும்பி வராதவங்க வீடு இன்னும் இருக்கும். போறதா இருந்தா சர்வீஸ் நம்பரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வீட்டுல பேப்பர் இல்லன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போயி கேட்டுப் பாருங்க.

நாங்க ஊர்ல இல்லாத நாளெல்லாம் ரெண்டு வேளையும் வந்து மாட்டுக்குத் தீனி போட்டு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தின பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மாமாவுக்கும், நீங்க பாத்துக்கலன்னா நாங்க கெளம்பியே இருக்க முடியாது. ரொம்ப ரொம்ப நன்றி.