காதல் பாட்டில் கடவுள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலி 96.8 வானொலியில் ஒரு காதல் பாட்டு வந்தால் போதும், ‘ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுகிறது’ என்று விளக்கம் சொல்லும் நண்பர்கள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெருகிவிட்டார்கள்.

தமிழருக்கு இது புதிதல்ல. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களும் காதலைப் பாடும் அகத்துறையில் அமைந்தவைதாம். ஆனால் தில்லையையும் சிவனையும் அவரே பாட்டுக்குள் வைத்துவிட்டார். கண்ணதாசனின் ‘வீடு வரை உறவு’ (1962) பட்டினத்தார் சொன்னதையே சொல்கிறது. அங்கே தத்துவம் ஒளிந்து நிற்கவில்லை, பல்லவியிலேயே இருக்கிறது.

குத்துப்பாட்டில் குண்டலினியைத் தேடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. மெட்டுக்கும் காட்சிக்கும் (சில நேரம் வெறும் எதுகைக்கும்!) எழுதிய வரி அவ்வளவு பாரம் தாங்குமா? கேட்பவர் மனம் உருகினால் தாராளமாக உருகட்டும். அதைக் கவிஞர் மறைத்துவைத்த பொருள் என்று அவர் தலையில் கட்ட வேண்டாமே.

வாசகர் ஒருவர்,
தெம்பனிஸ்